கல்விதை

ஆதிகேசவ மேஸ்திரி தெருவில் எண்பத்து மூன்று வீடுகள். எண்பத்து மூன்று கதவையும் தட்டி, "உங்க வீட்டுல போர் இருக்கா?" என்று கேட்டவள் நான். நான்கு பேர் இருக்கிறது என்றார்கள். மீதி எழுபத்தொன்பது பேரும் இல்லை என்றார்கள். அப்படிச் சொன்ன ஒருவருக்குப் பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "அது என்ன சத்தம் சார்?" என்றேன். கண் இமைக்காமல் "மிக்ஸி" என்றார். சட்னி அரைக்கிற மிக்ஸி கொல்லைப்புறத்து மண்ணுக்குள்ளிருந்து ஏன் ஓடுகிறது என்று நான் கேட்கவில்லை. படிவத்தை நீட்டினேன், கையெழுத்துப் போட்டார்.

இன்னொரு வீட்டில் போர்க் குழாயின் தலைமேல் துளசி மாடத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். மாடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. வேறொரு வீட்டு அம்மாள், "போரா? அப்படின்னா என்னங்க?" என்று என்னிடமே கேட்டாள். அவள் வீட்டுக் காம்பவுண்டு சுவரில் போர் போட வந்த திருச்செங்கோட்டு ரிக் லாரிக்காரன் தன் போன் நம்பரைப் பெயிண்டில் எழுதிவிட்டுப் போயிருந்தான். சென்னைக்காரர்களுக்குப் பொய் சொல்ல வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரும், ஆனால் மெனக்கெட மாட்டார்கள்.

என் பெயர் இசக்கியம்மாள். அம்பாசமுத்திரம் பக்கம். சுரங்கம் தோண்டும் கம்பெனியில் மண்ணியல் பொறியாளர். எனக்கு வாய் நீளம் என்று வீட்டிலும் சொல்வார்கள், ஆபீசிலும் சொல்வார்கள். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது.

நிலத்தடி நீர்ச் சட்டம் வந்து மூன்றாவது வருடம் அது. அனுமதி இல்லாத போர் பிடிபட்டால் நிரந்தரமாக மூடிவிடுவார்கள். ஆனால் எங்கள் படிவத்தின் தலையிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, சுரங்க வேலைக்காகச் சொல்லப்படும் போர்கள் மேல் நடவடிக்கை கிடையாது என்று. அதை ஒருவராவது படித்தார்களா? படித்தார்கள். படித்துவிட்டுச் சிரித்தார்கள்.

கடைசியாக நான் போன வீடு, நான் குடியிருந்த வீடு. மாடியில் ஒரு போர்ஷன் எனக்கு. கீழே வீட்டுக்காரர் ராஜமன்னாரும் அவர் மனைவி குமுதவல்லியம்மாவும். ராஜமன்னார் சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். தெருச் சங்கத்தின் தலைவரும் அவர்தான். சட்டைப் பையில் இரண்டு பேனா இல்லாமல் வாசலுக்குக்கூட வர மாட்டார்.

"எதுக்கு இந்த விசாரணை எல்லாம்?" என்று கேட்டார்.

"தெருவுக்கு அடியில இருபது மீட்டர்ல வெள்ளத் தண்ணி போற சுரங்கம் வருது சார். அடியில வெறும் மணல். அப்படியே மிஷினை விட்டா மேல வீடெல்லாம் இறங்கிடும். அதனால முதல்ல மணலைக் கல்லாக்கணும்."

"சிமென்ட் ஊத்துவீங்களா?"

"சிமென்ட் இல்ல சார், கிருமி. யூரியாவும் சுண்ணாம்பு உப்பும் கரைச்சுக் குடுத்தா, அதைத் தின்னுட்டு மணலையும் மணலையும் ஒட்ட வெச்சிடும். பத்து நாள்ல பாறை. கல்விதைன்னு பேரு."

குமுதவல்லியம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "கிருமியா? மனுஷங்களுக்கு ஒண்ணும் ஆகாதா இசக்கி?"

"ஆகாதும்மா. அதுக்கு முப்பது டிகிரிக்கு மேல சூடு தாங்காது. நம்ம உடம்பு முப்பத்தேழு. உள்ள போனாலே செத்துடும். ஆனாலும் போர் எங்க இருக்குன்னு தெரிஞ்சா களிமண்ணை இறக்கி அடைச்சிடுவோம். இல்லன்னா கரைசல் குழாய் வழியா மேல ஏறிடும். ஆறு மாசத்துக்கு லாரித் தண்ணி எங்களோடது. வேலை முடிஞ்சதும் திறந்து விட்டுடுவோம்."

"அடைச்சதைத் திறந்து குடுத்த கவர்மென்ட்டை நான் பாத்ததில்லம்மா," என்றார் ராஜமன்னார்.

"நம்ம கொல்லையில இருக்கே, அதைச் சொல்லிடுங்களேன்," என்றார் குமுதவல்லியம்மா.

"நீ உள்ள போ."

அவர் போனார். ராஜமன்னார் பேனாவை எடுத்து, போர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 'இல்லை' என்று உருண்டை உருண்டையாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். "பேப்பர்ல இல்லாதது பூமியிலயும் இல்ல. இதான் நம்ம டிபார்ட்மென்ட்," என்று எனக்கு விளக்கம் வேறு.

அந்தக் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் உண்டு. 'ஆய்வாளர் நேரில் கண்டது.' அது நான் நிரப்ப வேண்டியது. அன்று காலை அந்தப் போர்த் தண்ணீரில்தான் குளித்திருந்தேன். தலை இன்னும் காயவில்லை. நான் 'இல்லை' என்று எழுதினேன். தனியாக இருக்கிற பெண்ணுக்கு இந்த ஊரில் வீடு தேடிப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். புரிந்தாலும் அது பொய்தான்.

எங்கள் திட்ட மேலாளர் வேதநாயகம் படிவக் கட்டை எடுத்துப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "நாலே நாலு போரா? பிரமாதம்."

"சார், தெரு முழுக்கப் பொய் சொல்லுது. மண்ணுக்குள்ள இருக்கிறதைக் காட்டுற ரேடார் வண்டியை ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாம். ரெண்டு நாள் வேலை."

"ஒவ்வொரு போரா அடைச்சுக்கிட்டு உக்காந்தா மழைக்கு முன்னாடி சுரங்கம் முடியுமா? எழுபத்தொன்பது பேர் கையெழுத்து இருக்கு. அதுக்கு மேல நமக்கு எதுக்குத் தெரியணும்?"

அவரைக் குற்றம் சொல்லி என்ன? அவருக்குத் தேவை 'இல்லை' என்ற வார்த்தை. தெருவுக்கும் அதே வார்த்தைதான் தேவை. இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரு பொய்யை இவ்வளவு ஒற்றுமையாகப் பாதுகாத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிப்ரவரியில் கல்விதையைச் செலுத்தினோம். மணல் பாறையானது. மிஷின் போனது. எந்த வீட்டுச் சுவரிலும் மயிரிழை விரிசல் கிடையாது. தெருச் சங்கம் பந்தல் போட்டு வேதநாயகத்துக்குச் சால்வை போர்த்தியது. விஞ்ஞானம் எப்படியெல்லாம் வளர்ந்துவிட்டது என்று ராஜமன்னார் இருபது நிமிடம் பேசினார். மைக்கைப் பிடுங்க ஆளில்லை.

ஏப்ரலில் குழாய்களில் வெள்ளை நறநறப்பு வர ஆரம்பித்தது. பிறகு மோட்டார்கள் ஒவ்வொன்றாக இறுகின. மோட்டார் மெக்கானிக் ஞானசேகரனுக்கு மூச்சுவிட நேரமில்லை. கழற்றிய குழாயைப் போர்வையில் சுற்றி, நோயாளியைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போவார்கள். எதிர் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன சார், கட்டில் கால் உடைஞ்சு போச்சா?" என்று கேட்பார். அவர் வீட்டுக் குழாயும் அதற்கு முந்தின நாள்தான் போர்வைக்குள் போயிருக்கும். புகார் கொடுக்க முடியாதே. இல்லாத போர் எப்படி அடைத்துக்கொள்ளும்?

அதோடு நின்றிருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மே மாதம் தெரு முனையில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் மெஹருன்னிசா எனக்குப் போன் செய்தார். போனேன். மேசை மேல் ஒரு சின்ன பாட்டில், அதற்குள் மஞ்சள் வெள்ளையாக ஒரு கல்.

"சிறுநீரகத்துல இருந்து எடுத்தது. ஒரே வாரத்துல உங்க தெருவுல இருந்து ஒன்பது பேர் வந்துட்டாங்க. இது நீங்க கீழ போட்ட கல்லுதானே?"

"அது முப்பத்தேழு டிகிரியில செத்துடும் டாக்டர். பத்து லேப்ல பாத்திருக்கோம்."

டாக்டர் என்னைத் தன் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் மூடியைத் திறந்து தெர்மாமீட்டரை விட்டார். நாற்பத்திரண்டு.

"இந்த மாதிரி தொட்டியிலதான் ரெண்டு மாசம் குடியிருந்திருக்கு. சூடு தாங்காதது செத்துப்போச்சு. தாங்குனது பெருகிடுச்சு. இதுல பழகுனதுக்கு மனுஷ உடம்பு ஏசி ரூம். உள்ள யூரியாவும் இருக்கு, சுண்ணாம்பும் இருக்கு. வேற என்ன வேணும் அதுக்கு?"

பத்து லேப், நூறு பக்க அறிக்கை. அதை எழுதினவன் ஒருத்தனாவது சித்திரை வெயிலில் ஒரு மொட்டை மாடி ஏறியிருக்கிறானா? அந்த அறிக்கையைக் கிளிப்பிள்ளையாகத் தெருவெல்லாம் ஒப்பித்த நான் ஏறியிருக்கிறேனா? தினம் துணி காயப்போட அந்தத் தொட்டி பக்கத்தில்தான் நின்றேன்.

மருந்து இருந்தது. மண்ணுக்குள் கல்விதையை நிறுத்தப் பயன்படும் அதே பொருளை மாத்திரையாக்கி, பத்து மாத்திரைப் பட்டை ஒன்றை மாதாமாதம் ஊழியர்களுக்கு முன்னெச்சரிக்கையாகக் கொடுத்துவந்தார்கள். தெருத் தண்ணீரைக் குடித்தும் எனக்கு ஒன்றும் ஆகாததன் ரகசியம் அதுதான். வந்த நோயைத் தீர்க்க முப்பது மாத்திரை, நாளுக்கு ஒன்றாக, ஒரு நாள் விடாமல் சாப்பிட வேண்டும். நடுவில் விட்டால் பலவீனமான கிருமி சாகும், முரட்டுக் கிருமி மிஞ்சும். கம்பெனியைத் தவிர வேறெங்கும் அது கிடைக்காது.

வேதநாயகத்திடம் போனேன். "போர் இருக்கிற வீட்டுக்குத் தாராளமா குடுக்கலாம்," என்றார். "அந்த நாலு வீட்டுல யாருக்காவது கல் வந்துச்சா? வரல. மத்த வீட்டுல போரே கிடையாதேம்மா. நம்ம தண்ணி அங்க எப்படிப் போகும்?" சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார்.

அந்த வாரம் குமுதவல்லியம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தார். கேன் தண்ணீர் பிளாஸ்டிக் வாடை அடிக்கிறது என்று போர்த் தண்ணீரையே குடித்தவர் அவர். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகத்திலும் இஞ்சிக் கிழங்கு போலக் கிளைவிட்ட கல். இன்னும் ஒரு மாதம் தாங்குவதே கஷ்டம் என்றார் டாக்டர்.

நான் நேராக ராஜமன்னாரிடம் போனேன். "சார், கொல்லையில போர் இருக்குன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நாளைக்கே மாத்திரை வந்துடும்."

"நான் எழுதினா மத்தவங்க கதி? தலைவரே பொய் சொன்னான்னு ஆயிடாது? இது வெயில் சூடும்மா. இளநீர் குடிச்சா இறங்கிடும்."

"டாக்டர் படத்தைக் காட்டினாங்கல்ல சார்? அது சூட்டுக் கட்டியா?"

"நீ மாடியில குடியிருக்கே. அந்த மரியாதையில இரு."

வெட்கங்கெட்ட மனுஷன் என்று திட்டிக்கொண்டே படியேறினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன். அவர் எழுத வேண்டும் என்ற அவசியமே இல்லை. 'ஆய்வாளர் நேரில் கண்டது' என்ற கட்டத்தை நான் திருத்தினால் போதும். தெரிந்தே பொய் எழுதினேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வேலை போகும். இந்தத் தொழிலில் வேறெங்கும் சேர்க்க மாட்டார்கள். எழுதவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். ஊருக்குப் போகிறேன் என்று சொல்லி, என் அடுத்த மூன்று மாத மாத்திரையை ஸ்டோரில் முன்கூட்டியே வாங்கினேன். சரியாக முப்பது. ராஜமன்னார் சங்கக் கூட்டத்துக்குப் போன சமயம் குமுதவல்லியம்மாவின் தலையணைக்கு அடியில் வைத்தேன். இனிக் கேன் தண்ணீரில் சமைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். தியாகம் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள்.

"தினம் ஒண்ணும்மா. முப்பது நாளும் விடாம சாப்பிடணும். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"எதிர் வீட்டு லலிதாவும் இதே வலின்னு அழறாளே, இசக்கி. அவளுக்கு?"

"முதல்ல நீங்க எழுந்திருங்க. அப்புறம் பாப்போம்."

மூன்று வாரம் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டேன், யாருக்கும் தெரியாது, வேலையும் இருக்கிறது. நாலாவது வாரம் குமுதவல்லியம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. நூற்று நான்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, "மாத்திரையை விடாம சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"ஏழு சாப்பிட்டேன் கண்ணு."

"மீதி?"

"லலிதாவுக்கு மூணு. டெய்லர் சம்சாரத்துக்கு ரெண்டு. கோடி வீட்டு ஆயிஷாவுக்கு... யாராருக்குன்னு ஞாபகம் இல்ல. வலிக்குதுன்னு வந்து என் கட்டில்கிட்ட உக்காருவாங்க. நான் மட்டும் முழுங்கிட்டுப் பாத்துக்கிட்டிருப்பேனா?"

பலகாரம் செய்தால் தெருவுக்கே தட்டு போகிற வீடு அது. என் தட்டும் அங்கிருந்துதான் வரும். பிரித்துக் கொடுத்தால் ஒருவருக்கும் பிரயோசனமில்லை, எல்லார் உடம்பிலும் முரட்டுக் கிருமிதான் மிஞ்சும் என்று நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இது என்ன மாத்திரை, எங்கிருந்து வந்தது என்று எல்லாம் சொல்ல வேண்டிவரும் என்று வாயை மூடிக்கொண்டேன். என் நீளமான வாய் மூடியிருந்த ஒரே இடம் அது.

அன்று மத்தியானமே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். எழுபத்தொன்பது படிவத்தில் பெரும்பாலானவை பொய் என்று தெரிந்தே வாங்கியது, ரேடார் வேண்டாம் என்று வேதநாயகம் சொன்னது, என் வீட்டுக் கொல்லையில் போர் இருப்பது எல்லாவற்றையும் எழுதி ஒரு நகலை டாக்டர் மெஹருன்னிசாவிடம் கொடுத்தேன். அவர் அதைச் சுகாதாரத் துறைக்கு அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். மூலத்தை வேதநாயகத்தின் மேசையில் வைத்தேன்.

"வேலை போயிடும்னு தெரியும்ல?" என்றார்.

"தெரியும் சார்."

ஒன்பதாவது நாள் உத்தரவு வந்தது. போர் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் எல்லாருக்கும் முழு மருந்தையும் கம்பெனி கொடுக்க வேண்டும், வீடு வீடாகக் கணக்கெடுப்பைத் திரும்ப நடத்த வேண்டும் என்று. குமுதவல்லியம்மா ஆறாவது நாளே இறந்துவிட்டார்.

"நீங்களே போங்க. உங்களுக்குத்தான் எல்லா வீடும் அத்துப்படியாச்சே," என்றார் வேதநாயகம். "அது முடியுற வரைக்கும் வேலையில இருப்பீங்க."

மறுபடியும் எண்பத்து மூன்று கதவு. மிக்ஸிக்காரர் என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கொல்லைக்குக் கூட்டிப்போய், "ஒண்ணு இல்லம்மா, ரெண்டு இருக்கு, நல்லா எழுதிக்கோங்க," என்றார். துளசி மாடம் பழைய இடத்துக்குப் போயிருந்தது. போர் என்றால் என்ன என்று கேட்ட அம்மாள், அது எத்தனை அடி, எந்த வருடம் போட்டது என்று புள்ளிவிவரம் கொடுத்தாள். நிஜமாகவே போர் இல்லாத ஒரு மகானுபாவர் இரண்டடி பிளாஸ்டிக் குழாயை மண்ணில் நட்டு வைத்து, இதுதான் என்றார். நான் அதைப் பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. தூக்கிக் காட்டினேன். கொஞ்சமும் கூச்சப்படாமல், "மருந்து எப்போ வரும்?" என்று கேட்டார்.

கடைசி வீடு என் வீடு. ராஜமன்னார் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் குமுதவல்லியம்மாவின் படம், கீழே விளக்கு. சட்டைப் பையில் இரண்டு பேனாவும் இருந்தன.

"சார், உங்க வீட்டுல போர் இருக்கா?"

"இல்லம்மா."

"சார், இப்ப யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. உங்களுக்கும் கல் இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க. இருக்குன்னு எழுதினா நாளைக்கு மருந்து வந்துடும்."

"இருந்திருந்தா, அவ வலியில துடிச்சப்பவே எழுதிக் குடுத்திருக்க மாட்டேனா?"

திட்ட வேண்டும் என்று எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. இருக்கிறது என்று எழுதினால் அந்த ஆள் அதற்கப்புறம் எப்படி அந்தக் கூடத்தில் உட்காருவார்? அவர் படிவத்தை வாங்கி, அதே உருண்டை எழுத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கீழே என் கட்டம். 'ஆய்வாளர் நேரில் கண்டது.' கொல்லைக் கதவு திறந்தே இருந்தது. கல் அடைத்த குழாயின் வாய் அங்கிருந்தே தெரிந்தது. 'உண்டு' என்று எழுதினேன். இந்த வீட்டில்தான் குடியிருக்கிறேன், போன முறை பொய் எழுதினேன் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ராஜமன்னார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, படிவத்தைத் தன் பக்கம் திருப்பி அந்த மூன்று வரியையும் மெதுவாகப் படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"இதை அன்னிக்கே எழுதியிருக்கலாமே, இசக்கி," என்றார்.

படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.